குளக்கரையில் நிற்கும் குழந்தை



திருவிழாக் காலத்தில் நாம் நம் பிள்ளைகளையும் கைப்பிடித்துத் திருக்கோயிலுக்கு அழைத்து வருகின்றோம். திருநீறு அணிவித்துக் கைகூப்பக் கற்பிக்கின்றோம். தொடக்கப்பள்ளிப் பருவத்துப் பிள்ளைகட்கு நல்லொழுக்கம் புகட்டுதலையும், அவர்களைத் தீங்கினின்று காத்தலையும் குறித்து இன்று சிந்திப்போம். பெரியபுராணத்தின் இரண்டு குளக்கரை நிகழ்ச்சிகள் நமக்கு வழிகாட்டுகின்றன.

கொங்குநாட்டுத் திருப்புக்கொளியூர் அவிநாசியில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் எழுந்தருளியபோது, ஓரில்லத்தில் மங்கல ஒலியும் எதிரில்லத்தில் அழுகை ஒலியும் கேட்டார். ஐந்து வயதுச் சிறுவர் இருவர் முன்னொரு நாள் குளத்தில் நீராடச் சென்றனர். ஒருவனை முதலை விழுங்கிற்று. பிழைத்தவனுக்கு இப்போது உபநயனம். மகனை இழந்தோர்க்குக் கண்ணீர். சுவாமிகள் பதிகம் பாடி, விழுங்கப்பெற்ற பிள்ளையை வளர்ந்த பருவத்தோடு மீட்டளித்தார்.

அவ்வருட்செயலை எண்ணி உருகும் நாம் வரலாற்றின் தொடக்கத்தையும் எண்ணுதல் வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஐந்து வயதுப் பிள்ளை துணையாகலாம், காவலாகாது. நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூவுவதில்லை, ஓசையின்றியே அமிழ்கின்றது, சில நிமிடங்களில் உயிர் பிரிகின்றது. எனவே, யாரேனும் பார்த்துக்கொள்வர் என்று இராமல், குளத்தருகே இன்னார் காவல் என ஒருவரைக் குறித்தல் வேண்டும். தோழன் நீரில் விழுந்தால் தானும் குதியாது, உரக்கக் கூவிப் பெரியோரை அழைக்கவேண்டும் என்று பிள்ளைகட்குச் சொல்லிவைத்தலும் வேண்டும்.

சொற்கேட்கும் பிள்ளைக்கு ஒரு தீங்கும் வாராது என்று கருதி நாம் வாளா இருத்தலாகாது. 2004 ஆம் ஆண்டு ஜூலை 16 ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியதில் 94 குழந்தைகள் மாண்டனர். அவர்கள் செய்த குற்றம் யாது? பள்ளிக்குச் சென்று பாடம் கேட்க அமர்ந்திருந்தனர், அவ்வளவே. பிள்ளையின் கடமை கீழ்ப்படிதல் எனின், கூரையையும் வாயிலையும் படிக்கட்டையும் பார்த்தல் நம் கடமை. நம் ஊர்ப் பள்ளியில் தீ நேர்ந்தால் பிள்ளைகள் எவ்வழியே வெளியேறுவர் என்பதை நேரிற் சென்று கேட்போமாக.

இனி, சீகாழிக் குளக்கரையை நோக்குவோம். மூன்று வயதுத் திருஞானசம்பந்தப் பெருமானின் வாயில் பால் வடியக் கண்ட தந்தையார் சிவபாத இருதயர், சிறு கோலை ஓங்கி, பால் தந்தவர் யாவர் என வினவினார். பிள்ளையார் அஞ்சி ஒளிக்கவில்லை. விரல் நீட்டிச் சுட்டிக்காட்டினார். யார் என்ன தந்தார் என்று தந்தை வினவியது முறையே. ஆயினும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஓங்கிய கோலுக்கு முன் உண்மை சொல்ல அஞ்சுவர். அடிக்கு அஞ்சி மறைக்கப் பழகிய குழந்தை, பிறர் செய்த தீங்கையும் மறைத்துவிடும். தகாத முறையில் எவரேனும் தொட்டால், அவர் உறவினரேயாயினும், தாய் தந்தையரிடம் அன்றே சொல்லும் துணிவு பிள்ளைக்கு வேண்டும். அத்துணிவு, சிறு பிழையை நாம் பொறுமையோடு கேட்கும் வீட்டிலேதான் வளரும். ஆபத்தில் சிக்கிய குழந்தைகட்கென 1098 என்னும் தொலைபேசி எண் உண்டு. அதனையும் மனப்பாடம் செய்விப்போம்.

நன்னடத்தையும் அவ்வாறே வளரும். வரிசையில் காத்திருந்த பிள்ளையை, விழுந்த தோழனைத் தூக்கிவிட்ட பிள்ளையை, அச்செயலையே சொல்லி அப்போதே பாராட்டுவோம். உண்மை சொன்ன பிள்ளையை அவ்வுண்மைக்காக ஒருபோதும் அடியாதிருப்போம்.

இன்றிரவு தேர்வீதியில் திரளான கூட்டம் இருக்கும். கைவிட்டுப் பிரிந்தால் அலையாது நின்ற இடத்திலேயே நிற்கவும், பெற்றோர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சொல்லவும் பிள்ளைகளுக்கு இப்போதே கற்பித்துப் புறப்படுவோம். சுந்தரரைப்போல் பாடி மீட்கும் ஆற்றல் நமக்கில்லை. முன்னரே காத்து நிற்கும் கண் நமக்கு உண்டு. அக்கண்ணை மூடாதிருத்தலும் சிவத்தொண்டே என்று கூறி அமைகின்றோம்.

திருச்சிற்றம்பலம்.