கீரை எழுதிய டாக்டர்

கொல்கத்தா லேக் மார்க்கெட். வாழையிலையும் கறிவேப்பிலையும் தேடித் தமிழர்கள் வரும் இடம். அங்கே ஒரு பெரியவர் காய்கறிக்காரரிடம் டாக்டர் சீட்டை நீட்டினாராம்.

"தாதா, மருந்துக்கடை அந்தப் பக்கம்!"

"தெரியும்ப்பா. டாக்டர் எழுதினதே கீரைதான்!"

இது வெறும் சிரிப்புக் கதையல்ல. அமெரிக்காவில் 2018 வேளாண் சட்டத்தின் கீழ் இப்படி ஒரு திட்டமே இருக்கிறது. வசதியில்லாத நோயாளிக்கு டாக்டர் காய்கறி, பழம் எழுதித் தருவார். சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம்.

நம் நாட்டில் 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்ப ரேஷன் அட்டைக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். வயிறு நிறையும். ஆனால் அரிசியில் இல்லாத வைட்டமின் ஏ சத்து முருங்கைக்கீரையில் இருக்கிறது. கிராமத்தில் ஒரு கிளையை ஒடித்து நட்டால் போதும், மரமாகிவிடும். சீட்டும் வேண்டாம், ஃபீஸும் வேண்டாம். இன்றைக்கே ஒன்று நட்டுவையுங்களேன்!