உகந்தைக்கு அப்பால் ஐந்து இரவுகள்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, பெண்களும் கல்வியும் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்றார். அதைப் பேசுவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். "நான் பாதயாத்திரையைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "பக்திச் சொற்பொழிவா அக்கா?" என்றார். இல்லை. கூரை இல்லாமல், வாடகை இல்லாமல், அரசாங்கக் காட்டுக்குள் படுத்துறங்குவதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அந்த வழக்கம் நமது காலத்தோடு முடிந்துவிடுமோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. அதனால்தான் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன்.

ஆலையடிவேம்பில் பிறந்தவர்களுக்குக் கதிர்காம யாத்திரையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இம்மலரை ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வாசிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படுபவர்கள் கிழக்குக் கரையோரமாக இறங்கி வருவார்கள். மட்டக்களப்புப் பக்கத்தவர்களும் வழியில் சேர்ந்துகொள்வார்கள். அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், சங்கமன்கண்டி, கோமாரி, பொத்துவில், பாணமை என்று நடந்து உகந்தைமலை முருகன் கோவிலை அடைவார்கள். அதுவரை ஊர் இருக்கிறது, கடை இருக்கிறது, கோவில் மண்டபம் இருக்கிறது. அக்கரைப்பற்றிலும் பொத்துவிலிலும் முஸ்லிம் வீட்டுக்காரர்கள் வாசலில் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்து வைத்துக்கொண்டு நின்றதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். கதிர்காமத்தில் அவர்களுக்கும் ஒரு பள்ளிவாசல் உண்டல்லவா?

உகந்தைக்கு அப்பால் காடு. வாகூரவெட்டை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம். இந்தப் பெயர்களில் ஒன்றுகூடப் பேருந்துப் பலகையில் இருக்காது. அங்கே மண்டபம் இல்லை, மடம் இல்லை, விளக்கும் இல்லை. இரவானால் நிலம்தான் பாய், வானம்தான் கூரை. கால் வேகத்தைப் பொறுத்து நாலைந்து இரவு அப்படிக் கழியும்.

நான் முதன்முதலில் போனது 1978ஆம் ஆண்டு, பதின்மூன்று வயதில், அம்மம்மாவுடன். என் அம்மம்மாவைத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பொழுதுபட்ட பிறகு வீட்டு முற்றத்தில்கூட எங்களை நிற்கவிடமாட்டார். சைக்கிள் பழக ஆசைப்பட்டதற்கு மூன்று நாள் என்னுடன் பேசவில்லை. அந்த அம்மம்மாதான் குமுக்கன் ஆற்றங்கரையில் ஒரு சாக்கை விரித்து, "இதில படு மகள்" என்றார். சுற்றிவரக் காடு. எங்கோ யானை கிளை முறிக்கும் சத்தம். எங்கள் கூட்டத்தில் நாற்பது பேர் வரை இருந்தோம், அதில் பாதிக்கு மேல் பெண்கள். அன்று நான் பயப்படவே இல்லை. மருதமரக் கிளைகளுக்கு மேலே அத்தனை வெள்ளிகளையும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஏன் பயமில்லை என்று பிறகு பல வருடம் யோசித்திருக்கிறேன். அந்தக் காட்டில் சட்டப் புத்தகம் இல்லை, ஆனால் சட்டம் இருந்தது. வேல் தாங்கிய சாமிக்கு முன்னால் எவரும் நடக்கக்கூடாது. வெயில் சாய முன்பே தங்குமிடத்தை அடைந்துவிட வேண்டும். வந்தவுடன் முதல் வேலை கூட்டுவது. குழையை ஒடித்துக் கட்டி நிலத்தைக் கூட்டி, பாம்பு பூச்சி பார்த்த பிறகே மூட்டையை இறக்கலாம். பிள்ளைகளும் பெண்களும் நடுவில், ஆண்கள் வெளிச்சுற்றில், அதற்கும் வெளியே தீ. அந்தத் தீயை மாறி மாறி ஆட்கள் காப்பார்கள். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டினால் குடிக்கிற ஊற்று மேலே, குளிக்கிற இடம் கீழே. விறகு தேவைக்கு மேல் பொறுக்கினால் பின்னால் வருகிறவர்களுக்கு அடுக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். விடியற்காலையில் சாம்பலை நனைத்து மணலால் மூடிய பிறகுதான் அரோகரா. எங்களுக்கு முன்னால் அங்கே தங்கிப்போன கூட்டத்தின் அடையாளமாக நான் கண்டது மூன்று அடுப்புக் கற்களை மட்டும்தான்.

ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்காமல் "சாமி" என்றுதான் அழைப்பார்கள். என்னையும் "சின்னச் சாமி" என்றார்கள். கணவனை இழந்தவர், வயலில் கூலிக்குப் போகிறவர், பெரிய வீட்டுக்காரி என்ற வேறுபாடு உகந்தையோடு நின்றுவிடும். ஒரு பெண் யாரிடமும் அனுமதி கேட்காமல், யாருக்கும் கணக்குச் சொல்லாமல், வீட்டுக்கு வெளியே நித்திரைகொள்ளக் கூடிய வேறோர் இடம் அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்குத் தெரியாது. அம்மம்மா எழுத்தறியாதவர். இந்தக் கல்லூரி எனக்குத் தந்த துணிவில் ஒரு பங்கை அதற்கு முன்பே அவர் அந்தச் சாக்கின் மேல் தந்துவிட்டார்.

இனி அந்த நிலம் யாருடையது என்ற கேள்விக்கு வருகிறேன். நாங்கள் படுத்த இடம் தேசிய பூங்கா. யால 1900ஆம் ஆண்டில் காப்பகமாகி, 1938இல் தேசிய பூங்கா ஆனது. குமுக்கன் ஆற்றுக்கு இப்பால் இருப்பது முன்பு கிழக்கு யால எனப்பட்டது. 2006இலிருந்து குமண தேசிய பூங்கா. யுத்தத்தால் அந்தப் பூங்கா 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. சாதாரண நாளில் நீங்கள் அங்கே போனால் நுழைவுச்சீட்டு வேண்டும், வாகனம் வேண்டும், நினைத்த இடத்தில் வாகனத்தை விட்டு இறங்கவும் முடியாது. இரவு தங்குவதென்றால் வனஜீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய முகாம் இடத்தை முன்கூட்டியே பதிந்து பணம் கட்ட வேண்டும். கதிர்காம உற்சவ காலத்தில் மட்டும், ஒவ்வொரு வருடமும் கூட்டம் வைத்துத் திகதி தீர்மானித்து, உகந்தையில் கதவைத் திறக்கிறார்கள். அந்தச் சில நாட்களுக்கு ஏழையும் பணக்காரரும் சீட்டில்லாமல் நடக்கலாம், படுக்கலாம்.

"நமது வழி பூங்காவுக்கு முந்தியது, அவர்கள் யார் கதவு போட?" என்று சிலர் கோபப்படுவார்கள். வழி பழையது என்பது உண்மை. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். நமது கரைக்கு மாரி மழை கார்த்திகை, மார்கழியில். நாம் நடப்பதோ ஆனியிலும் ஆடியிலும், காடு காய்ந்து கிடக்கிற நேரத்தில். எஞ்சியிருக்கிற நீர்நிலை எதுவோ அதையே நாமும் தேடுகிறோம், யானையும் கரடியும் மானும் தேடுகின்றன. நாற்பது பேர் ஓர் இரவு ஆற்றங்கரையில் இருந்தால் விலங்கு ஒதுங்கி நின்று விடியற்காலையில் வந்து குடிக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் இரண்டு கிழமை தொடர்ந்து அதே கரையில் இருந்தால் அது எங்கே போகும்? காட்டு அலுவலர் ஒருவரின் இடத்தில் நான் இருந்தாலும் இந்தக் கேள்வியைத்தான் கேட்பேன்.

வெளிநாட்டில் இருக்கும் தங்கைமாருக்கு இது புதிய விடயமல்ல. நோர்வேயில் 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. மலையிலோ காட்டிலோ, பயிர்செய்யாத நிலத்தில் எவரும் கூடாரம் அடிக்கலாம். ஆட்கள் வசிக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும். இரண்டு இரவுக்கு மேலென்றால், ஆளரவமற்ற இடங்கள் தவிர, நிலத்துக்குரியவரைக் கேட்க வேண்டும். ஸ்கொட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் இதேபோன்ற உரிமையைப் பொறுப்போடு சேர்த்துத் தருகிறது. கனடாவில் ஒன்ராறியோவின் அரச நிலத்தில் அந்நாட்டு வாசி ஒருவர் ஓரிடத்தில் 21 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். அமெரிக்காவின் பொதுநிலங்களில் பெரும்பாலும் 14 நாள் என்பது எல்லை. நமது அம்மம்மாமார் சொல்லிவைத்ததும் இதுதானே? தங்கு, கூட்டு, மூடு, போ. அங்கே சட்டம் அதை எழுதிவைத்திருக்கிறது. இங்கே வழக்கம் அதைச் சுமந்து வந்தது. எழுதாத வழக்கத்துக்கு உள்ள ஆபத்து, சொல்லிக்கொடுப்பவர் நின்றுவிட்டால் அதுவும் நின்றுவிடும்.

அது நின்றுபோனதை நான் பார்த்தேன். சென்ற வருடம் ரொறன்ரோவிலிருந்து வந்த என் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கும் வயது பதின்மூன்று. குமுக்கனில் அதே மருதமரங்கள், அதே மணல். ஆனால் நிலத்தைக் கூட்டத் தொடங்கினால் கூட்டி முடியவில்லை. பிஸ்கட் உறை, தண்ணீர்ப் போத்தல், சோற்றுப் பொலித்தீன், அறுந்த இறப்பர் செருப்பு, குழந்தைகளின் அணையாடை. பேத்தி கேட்டாள்: "அம்மம்மா, இது சாமியின் காடு என்றால் சாமிக்கு இது பரவாயில்லையா?" நாற்பது வருடம் ஆசிரியையாக இருந்த எனக்குப் பதில் வரவில்லை.

அந்த உறைகளில் உப்பும் எண்ணெயும் ஒட்டியிருக்கும். அந்த வாசனைக்கு யானை வரும். நமது அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருடங்களில் ஏறத்தாழ இருபது யானைகள் செத்துப்போனதாக 2022இல் செய்தி வந்தது. வீட்டுக்குப்பை அந்த மேட்டில் செய்ததை, யாத்திரைக் குப்பை குமணையில் செய்ய எத்தனை வருடம் எடுக்கும்? உகந்தை வாசலில் பொலித்தீனை வாங்கி வைக்கிறார்கள், தண்ணீர்த் தாங்கிகள் வைக்கிறார்கள், தொண்டர்கள் பிறகு போய்ப் பொறுக்குகிறார்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் நாம் போட்டதை வேறொருவர் பொறுக்கும் யாத்திரைக்கு என்ன பலன் என்று எனக்கு விளங்கவில்லை.

இப்படியே போனால் நடக்கப்போவது தெரிந்ததுதான். திறக்கும் நாட்கள் குறையும். ஆட்தொகைக்கு எல்லை வரும். பிறகு பதிவு, பிறகு கட்டணம். கட்டணம் வந்த நாளில் என் அம்மம்மா போன்ற ஒருத்தி வாசலோடு திரும்பிவிடுவாள். கதவை மூடியது யார் என்று அன்று பிறரைக் காட்டுவோம். நமது கையும் அதில் இருந்திருக்கும்.

ஆகவே, நூற்றாண்டு காணும் இந்தச் சங்கத்திடம் மூன்று விடயங்களைக் கேட்கிறேன். முதலாவது, அடுத்த யாத்திரைக்கு நமது பழைய மாணவியர் பத்துப் பேராவது ஒரு குழுவாகப் புறப்படுவோம். ஆளுக்கொரு வெற்றுச் சாக்குக் கொண்டுபோவோம். நாம் தங்கும் இடத்தில் நமக்கு முன் கிடந்ததையும் சேர்த்துப் பொறுக்கிக் கதிர்காமம் வரை சுமப்போம். காவடி தூக்குகிற தோளுக்கு ஒரு சாக்குக் குப்பை பாரமல்ல. இரண்டாவது, போகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு சிறுபிள்ளையைக் கூட்டிப் போங்கள். ஊற்று எங்கே தோண்டுவது, தீ எப்படி அணைப்பது என்பதைக் கையைப் பிடித்துக் காட்டுங்கள். மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து அன்னதானத்துக்குப் பணம் அனுப்பும் அக்காமாருக்கு. அனுப்புங்கள், ஆனால் பொதி செய்த சோறாக வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அவலும் சர்க்கரையும் கச்சானும் துணிப்பையில் கட்டிக்கொடுத்தால் காட்டில் ஐந்து நாள் தாங்கும். அம்மம்மாவின் மூட்டையில் இருந்தது அவ்வளவுதான்.

பேத்தியின் கதையை முடிக்காமல் விட்டேன். அன்று அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தன் முதுகுப்பையைக் கவிழ்த்து உடுப்புகளை என் மூட்டையில் திணித்துவிட்டு, பையில் போத்தல்களைப் பொறுக்கிப் போட்டாள். அதைப் பார்த்துப் பக்கத்துக் கூட்டத்திலிருந்து இரண்டு பெண்பிள்ளைகள் சேர்ந்தார்கள். திருக்கோவில் பக்கத்துப் பிள்ளைகள் என்று பிறகு அறிந்தேன். பொழுதுபட முன்பே எங்கள் இடம் துப்புரவாகிவிட்டது. இரவு சாக்கை விரித்து, "இதில படு மகள்" என்றேன். படுத்தவள் வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இதற்கு நாம் யாருக்குக் காசு கட்டினோம்?" என்று கேட்டாள். ஒருவருக்கும் இல்லை என்றேன். "அப்படியென்றால் காலையில் இன்னும் கொஞ்சம் பொறுக்குவோம்" என்றாள்.

அந்த இரவு அவளுடைய பேத்திக்கும் கிடைக்க வேண்டும். சாக்குக் கொண்டுவர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். முதற்பெயர் என்னுடையது, இரண்டாவதாகப் பேத்தி தன் பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறாள்.