பள்ளிக்கூடப் பாதை: வேனா, நடையா?

(தோட்டப் பிள்ளை மடுவமொன்றில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. வாசகர்களின் பயன் கருதி இங்கே தருகிறோம்.)



மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு வாய் சாயத்தண்ணி குடித்த கையோடு இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே நான் நீட்டி முழக்கப் போவதில்லை.

நான் வரும் வழியில் ஒரு தாய் என்னை நிறுத்திக் கேட்டார். "சார், பக்கத்துக் காம்பராவுல எல்லாரும் புள்ளைகள ஆட்டோவுல அனுப்புறாங்க. நாங்க நடக்க விட்டா ஒரு மாதிரியா பாக்குறாங்க. வேனுக்குக் குடுக்க வசதி இல்ல. தனியா நடக்க விடவும் பயமா இருக்கு. என்னதான் சார் செய்யிறது?"

அந்தத் தாய் கேட்டது நம் எல்லோருடைய கேள்வியும்தான். அதைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

நாங்கள் நடந்த பாதை

நமது தோட்டங்களில் பள்ளிக்கூடம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்க வேண்டும் என்று தோட்டங்களைக் கேட்டது. அதனால் லயத்தின் தொங்கலில் ஒரு அறை, ஒரு வாத்தியார், சின்ன வகுப்புகள் மட்டும் என்று பல இடங்களில் பள்ளிக்கூடம் நடந்தது. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் அதன் பலன் நம்முடைய லயங்களுக்கு உடனே வந்து சேரவில்லை. 1970களில்தான் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது.

இன்றைக்கும் பல தோட்டங்களில் பக்கத்துப் பாடசாலை ஐந்தாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. ஆறாம் ஆண்டுக்குப் பிள்ளை டவுனுக்கு அல்லது வேறு டிவிசனுக்குப் போக வேண்டும். அதாவது, பிள்ளைக்குப் பத்துப் பதினொரு வயதாகும்போது பாதை திடீரென்று நீண்டுவிடுகிறது.

நான் பிறந்தது டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில். ஆறாம் வகுப்புக்கு ஹட்டனுக்கு நடந்தேன். நாலு மைல் போக, நாலு மைல் வர. அடுத்த ஆண்டு என் தங்கச்சியும் என்னோடு வந்தாள். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. நடந்துகொண்டே மனக்கணக்குப் போடுவோம். ஒரு நாளும் நான் அவளை வென்றதில்லை.

ஒரு வருஷம் அப்படிப் போனது. பிறகு என்னைக் கண்டியில் மாமா வீட்டில் தங்கவைத்துப் படிக்க அனுப்பினார்கள். தங்கச்சி தனியானாள். அம்மா விடியவே பெரட்டுக்குப் போக வேண்டும். அப்பாவுக்குப் பெக்டரி வேலை. ஒரு நாள் காலை, பனிமூட்டத்துக்குள் யாரோ ஒரு ஆள் பின்னாலேயே வந்ததாகச் சொல்லி, பாதி வழியில் அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடிவந்திருக்கிறாள். "போதும் தாயீ, நீ படிச்சது" என்று அம்மா சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் வீட்டில் தம்பியைப் பார்த்தாள். அப்புறம் கூடையைத் தூக்கினாள்.

அவளுக்கு மூளை குறைவில்லை. ஹட்டன் பள்ளிக்கூடமும் அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட நடக்க ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான். நான் முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் சொல்லிக் கொடுத்தேன். இடாப்பில் ஒரு பொம்பளைப் பிள்ளையின் பெயருக்கு நேரே தொடர்ந்து லீவு விழும்போதெல்லாம் எனக்குத் தங்கச்சி ஞாபகம்தான் வரும்.

இன்று சட்டம் பிள்ளையின் பக்கம் இருக்கிறது. 1998 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்று இருந்ததை, 2016இல் 16 வயது வரை என்று கூட்டினார்கள். ஆனால் சட்டம் வந்து பிள்ளையின் கையைப் பிடித்து மலையிறக்காது. அது நம்முடைய வேலை.

வேனும் ஆட்டோவும்

வேன், ஆட்டோ கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மழை நாளில் பிள்ளை நனையாமல் போகும். ஐந்து, ஆறு கிலோமீற்றர் தூரமென்றால் காலும் வலிக்காது. உடம்புக்கு முடியாத பிள்ளைக்கு வண்டி கட்டாயம் வேண்டும். இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் வண்டியில் ஏற்றிவிட்டால் பாரம் நீங்கிவிட்டது என்று நினைக்கிறோமே, அங்கேதான் தவறு செய்கிறோம். ஆட்டோ, பின் சீட்டில் மூன்று பேர் போவதற்குச் செய்த வண்டி. அதில் ஏழு, எட்டுப் பிள்ளைகளை ஏற்றி, ஒன்றைச் சாரதிக்குப் பக்கத்தில் தொற்றவைத்து, புத்தகப் பைகளை வெளியே தொங்கவிட்டுப் போவதை நாம் தினமும் பார்க்கிறோம். பாரம் கூடக் கூட, ஈரமான இறக்கத்தில் வண்டி நிற்க எடுக்கும் தூரமும் கூடும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எண்ணெய் மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு வண்டியை உருட்டுவது. என்ஜின் ஓடி, சின்ன கியரில் இருந்தால், அதுவே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நிறுத்திவிட்டால் எல்லாப் பாரமும் பிரேக்கின் மேல்தான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறினால் மிதித்தாலும் பிடிக்காது. நம்முடைய பாதைகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். 2023 சனவரியில் நானுஓயாவுக்குக் கிட்ட ரதல்லைப் பாதையில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி 7 பேர் இறந்தார்கள். அதை நாம் மறக்கவில்லை.

ஆகவே வண்டிக்குக் காசு கொடுக்கும் பெற்றோர் சாரதியிடம் நாலு விஷயத்தைத் தயங்காமல் கேளுங்கள். எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறீர்கள்? பக்கவாட்டில் கம்பி போட்டிருக்கிறதா? இறக்கத்தில் என்ஜினை நிறுத்துவீர்களா? நீங்கள் வர முடியாத நாளில் யார் வண்டி ஓட்டுவார்? குடிப்பவர் கையில், போனில் பேசிக்கொண்டே ஓட்டுபவர் கையில் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். "நம்ம சொந்தக்காரப் பையன்தானே, எப்படிக் கேக்குறது" என்று கூச்சப்பட வேண்டாம். சொந்தக்காரன் என்றால் கேட்பதற்கு இன்னும் உரிமை இருக்கிறது.

அடுத்தது காசு. மாதத்துக்கு வேன் கூலி எவ்வளவு என்று பாருங்கள். அது எத்தனை நாள் பேருக்குச் சமம் என்று கணக்குப் போடுங்கள். ஒரு பிள்ளைக்கு நாலு பேர் போனால், இரண்டு பிள்ளைக்கு எட்டுப் பேர். மழையால் வேலை குறைந்து அரைப் பேர் விழும் மாதத்தில் முதலில் எதை நிறுத்துவோம்? வேனை நிறுத்துவோம். வேன் நின்றால் பிள்ளையும் வீட்டில் நிற்கும். நடந்து பழகாத பிள்ளை, "எனக்குக் கால் வலிக்குதும்மா" என்று படுத்துக்கொள்ளும். 2022இல் பெற்றோல், டீசல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது இதை நாம் கண்ணால் பார்த்தோம். வண்டியை மட்டும் நம்பியிருந்த பிள்ளைகளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

நடையின் நன்மையும் ஆபத்தும்

காலையில் அரை மணித்தியாலம் நடந்து வரும் பிள்ளை வகுப்பில் தூங்கி விழாது. காலும் நெஞ்சும் பலப்படும். போகும் வழியில் பேசும், சிரிக்கும், கூட்டாளியோடு சண்டை பிடித்துச் சமாதானமாகும். அதுவும் ஒரு படிப்புத்தான். ஆனால் வெறும் வயிற்றோடு நடக்கவிடக் கூடாது. ஒரு துண்டு ரொட்டியாவது சாப்பிட்டுவிட்டுப் புறப்படட்டும்.

அதே நேரம், "நாங்க அந்தக் காலத்துல எட்டு மைல் நடந்தோம்" என்று வீரம் பேசுவதும் சரியில்லை. நானும் அப்படிப் பேசியவன்தான். நாங்கள் நடந்த கதையைச் சொல்கிறோம். நடக்க முடியாமல் நின்றுபோனவர்களின் கதையை யாரும் சொல்வதில்லை. குளவி, அட்டை, விடியற்கால இருட்டில் சிறுத்தை, மழைக்குப் பெருகும் ஓடை, பனிமூட்டத்தில் வரும் லொறி, கெட்ட எண்ணத்தோடு நிற்கும் மனிதர்கள், எல்லாம் இன்றைக்கும் இருக்கின்றன. 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயல், மலைநாட்டில் எத்தனையோ பாதைகளை மண்ணோடு இழுத்துக்கொண்டு போனது. ஆகவே நேற்றுவரை நல்லதாக இருந்த குறுக்குப் பாதை இன்றும் நல்லதுதான் என்று சொல்ல முடியாது. பெரியவர் ஒருவர் முதலில் நடந்து பார்க்க வேண்டும்.

சேர்ந்து நடப்போம்

அப்படியானால் என்ன செய்யலாம்? அந்தத் தாய்க்கு என் பதில் இதுதான். பிள்ளை நடந்து போகலாம், பஸ்ஸிலும் போகலாம், வேனிலும் போகலாம். தனியாக மட்டும் போகக் கூடாது.

அரை மணித்தியால நடைக்குள் பாடசாலை இருந்தால், லயத்துக்கு ஒரு கூட்டம் சேருங்கள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் போதும். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர். ஆறு வயதுப் பிள்ளை நடக்கிற வேகத்தில்தான் எல்லோரும் நடக்க வேண்டும். பாடசாலை மணி காலை 7.30க்கு அடிக்கும். அதற்கேற்றபடி, லயத்துக் கோடியில் ஒரு இடத்தில், ஒரே நேரத்தில் எல்லோரும் கூட வேண்டும்.

"நாங்க பெரட்டுக்குப் போகணுமே சார், யாரு கூடப் போறது?" என்று கேட்பீர்கள். இதோ முன்வரிசையைப் பாருங்கள். வேலையிலிருந்து நின்ற பாட்டியும் தாத்தாவும் இருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் தாய்மார் சிலர் இருக்கிறார்கள். கொழும்பிலிருந்து திரும்பி வந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள் போதும். யாருடைய நாள் எது என்று ஒரு தாளில் எழுதி, இந்த மடுவத்துக் கதவில் ஒட்டிவிடுங்கள். தாத்தாவுக்கு நாலு பிள்ளைகளின் வீட்டிலிருந்து நாலு கிளாஸ் தேத்தண்ணி கிடைக்கும், நட்டமில்லை!

ஒரு முக்கியமான விஷயம். எல்லோரும் காலையைப் பற்றித்தான் யோசிக்கிறோம். பகல் 1.30க்குப் பாடசாலை விடும்போது நாம் மலையில் இருக்கிறோம். பிள்ளைக்குப் பசி. ஒன்று ஓடைப் பக்கம் போகும், ஒன்று கடைப் பக்கம் போகும். மார்ச், ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில்தான் இடியும் மழையும் வரும். ஆகவே திரும்பி வரும் நேரத்துக்கும் ஆள் போடுங்கள்.

பாதையில் சில பழக்கங்கள் வேண்டும். நம் நாட்டில் வண்டி இடப்பக்கம் போகும். நடப்பவர் வலப்பக்கம், வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். குடையைக் கண்ணை மறைக்கப் பிடிக்கக் கூடாது. பனி நாளில் பெரியவர் கையில் டோர்ச் இருக்கட்டும். பஸ்ஸிலிருந்து இறங்கினால் பஸ் போன பிறகுதான் பாதையைக் கடக்க வேண்டும். குளவிக் கூட்டுக்குக் கல் எறியக் கூடாது. ஓடை பெருகியிருந்தால் இறங்கக் கூடாது, பாலம் உள்ள வழியாகச் சுற்றி வர வேண்டும்.

தூரம் அதிகமென்றால் முதலில் பஸ்ஸைப் பாருங்கள். மாணவர் சீசன் டிக்கட்டை அதிபர் மூலம் எடுக்கலாம். மாணவருக்குக் குறைந்த கட்டணத்தில் ஓடும் சிசு சரிய பஸ் சேவை 2005இல் தொடங்கியது. நம் பாதைக்கு அது இல்லையென்றால், பெற்றோர் சேர்ந்து கையெழுத்து வைத்து, அதிபர் மூலம் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் கேட்கலாம். "சீசன் புள்ளைகளக் கண்டா பஸ் நிக்கிறதில்ல சார்" என்று பிள்ளைகள் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். கோபப்பட்டு ஏசினால் பஸ் நிற்காது. பஸ் இலக்கம், திகதி, நேரம் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதக் கணக்கோடு அதிபரும் பெற்றோரும் டிப்போவுக்குப் போனால் பேச்சுக்குக் கனம் இருக்கும்.

உடைந்த படி, கை பிடிக்கக் கம்பி இல்லாத பாலம், புல் மண்டிய பாதை, இவற்றைத் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள். புல் வெட்டுவதற்கு மட்டும் யாரையும் காத்திருக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

கடைசியாக

பெற்றோர்களே, இன்று இந்தக் கூட்டம் கலைவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். லயத்துக்கு லயம், ஆறாம் ஆண்டுக்கு மேலே படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் எப்படிப் போகிறார்கள், எந்தப் பிள்ளை தனியாகப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். தனியாகப் போகும் பிள்ளை ஒன்று இருந்தாலும் அதன் பெயரை முதலில் எழுதுங்கள்.

என் தங்கச்சி இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டாள். முழங்கால் வலி. ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள், கையில் ஒரு தடியோடு, லயத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாடசாலைக்கு நடக்கிறாள். போகும் வழியில் மனக்கணக்குக் கேட்கிறாளாம். பிள்ளைகளால் இன்னும் அவளை வெல்ல முடியவில்லையாம்.