கடல் கணக்கையும் நாமே எழுதுவோம்

(கத்திவாக்கத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் களப் பணியாளர்கள் சார்பில் பேசியது)



வருகிற தை மாதம் படகில் கடலுக்குப் போய்ப் பறவைகளைப் பார்த்து வரலாம் என்று திட்டமிட்டு இருக்கிறோம். இதைக் குழுக்களில் சொன்னதும் இரண்டு கேள்வி வந்தது. “ஒரு நாள் வியாபாரத்த விட்டுட்டு பறவை பாக்கப் போகணுமா?” என்றார்கள் சிலர். “பொம்பளைங்க படகு ஏறலாமா?” என்றார்கள் சிலர்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறோம். மீன் கரைக்கு வந்த பிறகு ஏலம் எடுப்பது, சுமப்பது, வெட்டுவது, விற்பது எல்லாம் நாம்தான். நம் கூடையில் என்ன விழும் என்பது கடலில் முடிவாகிறது. நஷ்டத்தைச் சுமக்கிறவங்க கடலைப் போய்ப் பார்ப்பதில் என்ன தப்பு?

சரி, பறவை எதற்கு? நம் வீட்டு ஆண்களைக் கேட்டுப் பாருங்கள். ஆலா கூட்டமாக ஒரே இடத்தில் வட்டமடித்துத் தலைகீழாகத் தண்ணீரில் பாய்ந்தால், அங்கே மீன் கூட்டம் இருக்கு என்பார்கள். சூரை மாதிரி பெரிய மீன் கீழே இருந்து விரட்டும்போது நெத்திலி போன்ற சின்ன மீன்கள் மேலே வரும். அதைப் பிடிக்கத்தான் ஆலா பாய்கிறது.

கடற்காகம் அப்படிப் பாயாது. தண்ணீர் மேலே மிதப்பதைக் கொத்தித் தின்னும். நாம் வீசும் பிளாஸ்டிக்கும் அதன் வாயில்தான் போகும். குளிர்காலத்தில் நம் கரையில் பார்க்கிற பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக், திபெத் பக்கத்து உயரமான ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. பெயர்தான் பழுப்புத்தலை, இங்கே இருக்கும்போது தலை வெள்ளையாக, கண்ணுக்குப் பின்னால் ஒரு கருப்புப் பொட்டோடு இருக்கும். மஞ்சள் அலகும் கருப்புக் கொண்டையும் இருந்தால் அது பெரிய கொண்டை ஆலா. முகத்துவாரத்தில் கூழைக்கடாவையும் பார்க்கலாம்.

அந்தக் கூழைக்கடாவை 2023 டிசம்பரில் எந்தக் கோலத்தில் பார்த்தோம் என்பதை நாம் யாரும் மறக்கவில்லை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கருப்பு. பறவைகளின் இறகிலும் அதே கருப்பு.

பறவையின் இறகு ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி. ஒன்றின் மேல் ஒன்று படிந்து தண்ணீரை உள்ளே விடாது. எண்ணெய் பட்டால் இறகு ஒட்டிப் பிரிந்துவிடும். தண்ணீர் தோல் வரை போகும், உடம்பு குளிர்ந்துவிடும். சுத்தம் செய்ய அது அலகால் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள்ளும் போகிறது. அப்படி ஒரு பறவையைப் பார்த்தால் நாமே பிடித்துக் கழுவக் கூடாது. வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்பு 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரைக்கு வந்ததை வாளியால் அள்ளினார்கள். ஏழு வருஷத்துக்குள் இரண்டு தடவை!

இந்த மாதிரி நேரத்தில், “முன்னாடி எவ்வளவு மீன் இருந்தது, எவ்வளவு வித்தீங்க?” என்று கேட்கிறார்கள். படகுக்குப் பதிவு எண் இருக்கிறது. கூடை வியாபாரம் செய்கிற அக்காவிடமும், ஆற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிற தங்கச்சியிடமும் காட்ட என்ன இருக்கிறது? சேமிப்பு, உட்கடன், வட்டி எல்லாவற்றையும் பைசா சுத்தமாக எழுதுகிற நாம், தொழில் கணக்கை மட்டும் வாய்ப்பேச்சாக விட்டுவிட்டோம்.

அதனால் இந்தப் பயணம் ஒரு தொடக்கம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நோட்டு. தேதி, இடம், காற்று வாடையா கொண்டலா, என்ன பறவை, ஏறக்குறைய எத்தனை, தண்ணீரில் எண்ணெய் படிந்ததா, நாற்றம் அடித்ததா, அன்று கிடைத்த மீன், விற்ற விலை. அவ்வளவுதான். பெயர் தெரியாத பறவைக்கு “கருப்புத் தலை, சிவப்பு மூக்கு” என்று எழுதினால் போதும். கேரளத்திலும் கர்நாடகத்திலும் பறவை ஆர்வலர்கள் மீன்பிடி படகில் போய்த்தான் கடல் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள்.

ஒரு நாள் எழுதினால் எதுவும் நிரூபணம் ஆகாது. பறவை குறைய பல காரணம் இருக்கும். அதே மாதம், அதே இடம், வருஷா வருஷம் எழுதினால்தான் மாற்றம் தெரியும். அடுத்த முறை எண்ணெய் வந்தால், மனுவோடு இந்த நோட்டையும் வைக்கலாம்.

சில நிபந்தனைகள்: மீன்வளத் துறைக்கும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் எழுதிக் கொடுத்து, அனுமதி வந்த பிறகுதான் போவோம். ஒவ்வொருவருக்கும் மிதவை உடுப்பு கட்டாயம். கப்பல் வரும் பாதைக்குள் போக மாட்டோம். காற்று அதிகமானால் பயணம் தள்ளிப் போகும். கர்ப்பிணிகள் வர வேண்டாம். காலையில் இட்லி மாதிரி லேசாகச் சாப்பிடுங்கள். தலை சுற்றினால் தூரத்துக் கடல்கோட்டைப் பாருங்கள். பறவைக்கு எதையும் வீசாதீர்கள். குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

வர விரும்புகிறவர்கள் உங்கள் குழு ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள். வர முடியாதவர்கள் கரையில் இருந்தே இந்த வாரம் எழுதத் தொடங்கலாம். அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தோடு அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள், சேர்ந்து படிப்போம்.