பாங்கியின் பின்கட்டு உத்தியோகம்

(ஆத்தூர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பாங்கி உத்தியோகம் என்றவுடன் நம்மவர் மனத்தில் தோன்றுபவர் பணம் எண்ணிக் கொடுக்கும் காசாளரே. அதன்பொருட்டு நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் பரீட்சை எழுதிக் காத்திருக்கின்றனர். பாங்கிக்கு முன்கட்டு உள்ளதுபோலப் பின்கட்டும் உண்டு. வாடிக்கைக்காரர் அங்கே செல்வதில்லை. கணக்குச் சரிபார்த்தல், கடன் பத்திரங்களைப் பரிசோதித்தல், வந்த பணம் நேர்வழியில் வந்ததுதானா என்று ஆராய்தல் முதலியன அங்கே நடைபெறும்.

கம்ப்யூட்டரும் கடலடிக் கம்பியும் பெருகியபின், இரு கட்டுகளும் ஓரூரில் இருக்கவேண்டும் என்னும் நியதி ஒழிந்தது. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு பாங்கி, 2001-இல் சென்னையில் ஸ்கோப் இண்டர்நேஷனல் என்னும் ஸ்தாபனத்தை நிறுவி, பல தேசத்துக் கிளைகளின் வேலையை அங்கே கொணர்ந்தது. அவ்வாண்டிலேயே உலக பாங்கியும் வாஷிங்டனில் நடந்த கணக்கு வேலையில் ஒரு பகுதியைச் சென்னைக்கு மாற்றிற்று. இவ்வகை ஸ்தாபனங்களால் ஆயிரக்கணக்கான பட்டதாரிகள் ஜீவனம் பெற்றனர்.

இவை நம்மீது கொண்ட கருணையால் வந்தவையல்ல. சம்பளச் செலவு குறைவென்பதே முதற் காரணம். அப்பாங்கிக்குக் கோலாலம்பூரிலும் வார்சாவிலும் இத்தகைய நிலையங்கள் உள. வெறும் பதிவு வேலையை யந்திரமே செய்துவிடுகிறது. கணக்கின் பொருளறிந்து பிழை காண்பவருக்கே இனி இடம்.

அத்திறமை நம் பெண்மக்களிடம் உண்டு. திண்டுக்கல்லிலும் காந்திகிராமத்திலும் படித்துப் பட்டம் பெற்று வருகின்றனர். தடை வேறிடத்தில் உளது. சென்னையோ 400 கிலோமீட்டருக்கும் அப்பால். லண்டனில் காலை 9 மணியாகும்போது, அவர்தம் குளிர்காலத்தில், நமக்குப் பிற்பகல் 2.30. அவர்கள் மாலை 5 மணிக்கு எழுந்திருக்க, நம் பெண் இரவு 10.30-க்கு எழுந்திருப்பாள். அலுவலக வண்டி இருப்பிடம்வரை கொணர்ந்து விடுமென்பர், அவ்விருப்பிடம் எது? இவ்வொரு வினாவுக்கு விடையின்றி, கிடைத்த உத்தியோகத்தை வேண்டாமென்று எழுதிய குடும்பங்களை யாம் அறிவோம்.

முன்னாளில் சாதிச் சங்கங்கள் பட்டணங்களில் விடுதி அமைத்தமையாலன்றோ கிராமத்துப் பிள்ளைகள் வக்கீல்களாயினர்! அவையும் பெரும்பாலும் ஆண்மக்களுக்கே. நம் மண்டபத்துக்குக் குளிர்சாதனம் பொருத்தும் யோசனை ஒன்று உளதாம். கல்யாண வியர்வைக்கு விசிறி போதும்.

ஆதலின், சென்னையில் 10 பெண்கள் தங்குதற்கேற்ற வீடொன்றை வாடகைக்கு எடுத்து, மேற்பார்வைக்கு ஓர் அம்மையாரை அமர்த்தி, முதலாண்டு வாடகையைச் சங்கமும், பின்னர் தம் சம்பளத்திலிருந்து அப்பெண்களும் செலுத்துமாறு யாம் பிரேரேபிக்கின்றோம். இதன்மீது தாய்மார் முதலில் பேசுமாறு அக்கிராசனர் அனுமதிக்க வேண்டுகிறோம்.