தோப்புக் கணக்கில் வராதவர்கள்

மலையடிவாரத் தோட்டப் பயிர்கள் பற்றிய இந்தக் கருத்தரங்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடியிருப்பது பொருத்தமே. இவ்வூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பக்கத்து ராஜபாளையத்துச் சப்பட்டை, பஞ்சவர்ணம் மாம்பழங்களின் அருமையை அறிய அப்படி எந்தச் சான்றிதழும் வேண்டாம். பருவத்தில் ஒருமுறை சந்தைக்குப் போனால் போதும்.

பழத்தின் நாரையும் சர்க்கரையையும் அளந்து அளந்து எழுதிவிட்டோம். அந்தப் பழம் யார் யார் கைமாறி வருகிறது என்பதை எழுதத்தான் சோம்பல். குத்தகையிலிருந்து தொடங்குவோம். பூவையோ பிஞ்சையோ பார்த்து விலை பேசி, பெரும்பாலும் கடன் வாங்கித் தோப்பை எடுக்கிறார் ஒருவர். மாவில் பல ரகங்கள் ஓராண்டு கொட்டிக் காய்த்தால் மறு ஆண்டு ஓய்ந்துவிடும். நீலமும் பெங்களூராவும் விலக்கு. ஒரு பருவத்துக்கு மட்டும் மரத்தைப் பிடித்தவருக்கு அடுத்த ஆண்டைப் பற்றி என்ன கவலை? பூக்கவைக்கும் பேக்ளோபியூட்ரசாலை அளவுக்கு மீறி வேரடியில் ஊற்றத் துணிபவர் அவராகத்தான் இருப்பார். தோப்பு நொடித்துப்போகும் காரணத்தை மண் பரிசோதனையில் மட்டும் தேடும் நண்பர்கள், குத்தகைப் பேச்சையும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கலாம்.

தென்மேற்குக் காற்று கிளம்பினால் காய் உதிரும். அந்த நட்டம் குத்தகைக்காரர் தலையில். அதற்கு அஞ்சி முற்றாத காயையே இறக்கினால், அதைப் பழுக்கவைக்கக் கார்பைடு கல் வைக்கத் தோன்றும். கால்சியம் கார்பைடுக்குச் சட்டத்தில் தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவுக்கு அனுமதி உண்டு. சோதனைக்கு வரும் அதிகாரி கல்லைப் பிடிக்கிறார்; கடனை யார் பிடிப்பது? கல் வைப்பதற்கு நான் பரிந்து பேசவில்லை, அதன் வேர் எங்கே என்றுதான் கேட்கிறேன்.

காய் பறிப்பவரின் தோலைக் காம்புப் பால் புண்ணாக்குகிறது. மாவும் முந்திரியும் ஒரே குடும்பம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். பறிப்பவருக்குக் கையுறை உண்டா என்று எந்த ஆய்வில் கேட்டோம்?

அடுத்து, இரவுக் காவல். சாம்பல் நிற அணில்களுக்காக 1988இல் சரணாலயமான ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடு, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. அதை வரவேற்கிறேன். ஆனால் காட்டை ஒட்டிய தோப்புகளில் யானை இறங்கினால் முதலில் எதிர்கொள்பவர் காவல்காரர். இழப்பீட்டு மனு பட்டாதாரர் பெயரிலா, பணம் போட்ட குத்தகைக்காரர் பெயரிலா? காவல்காரர் அடிபட்டால் யார் பொறுப்பு? ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல் தலையே வந்துவிட்டது. காவல்காரருக்கு ஒரு நல்ல ஆய்வேடாவது வரட்டும்.

கட்டுரை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அட்டவணைகளில் ‘விவசாயி’ என்று ஒரே பத்தி இருந்தால், அதை உரிமையாளர், குத்தகைக்காரர், கூலியாள் என்று பிரித்துக் காட்டுங்கள். தரம் பிரிக்கும் பெண்களின் கூலிக்கும் அதில் இடம் வேண்டும். பிரிக்கத் தரவு இல்லையென்றால் அதையும் மேடையில் சொல்லிவிடுங்கள். விவாதத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.