சைலன்சர் மாற்றும் முன்...



லாம்ப்ரெட்டா வழிவந்த விஜய் சூப்பர் 150 சி.சி. ஸ்கூட்டரை டியூன் பண்ணி வெச்சிருக்கேன். "சத்தமான சைலன்சர் போட்டா ஸ்பீடு கூடுமாண்ணே?" என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள்.

சத்தத்தால் கூடாது தம்பி. இந்த டூ ஸ்ட்ரோக்கில் வால்வு கிடையாது. சைலன்சருக்குள் மோதித் திரும்பும் அழுத்த அலைதான், வெளியே நழுவும் புதுக் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அலை எந்த வேகத்தில் சரியாக வந்து சேரும் என்பது குழாயின் நீளத்தையும் வடிவத்தையும் பொறுத்தது. ரேஸ் குழாய் மேல் ஆர்.பி.எம்.மில்தான் இழுக்கும், ஊருக்குள் திணறும். போர்ட்டுக்கும் உங்கள் ஓட்டத்துக்கும் பொருந்துவதையே வாங்குங்கள்.

பிறகு மெயின் ஜெட்டைச் சரிபாருங்கள். பிளக் வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. காப்பிப்பொடி நிறம் நல்லது. நான் பார்க்கவில்லை. பைபாஸில் பிஸ்டன் பிடித்து, பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. சட்டென்று கிளட்ச் பிடித்ததால் இங்கே நிற்கிறேன்.